முற்றத்துப் புல்லும் பங்குக் கிணறும்

கோடை காலத்திலே பூமரங்களை எவ்வாறு காப்பாற்றுவது என்று என்னிடம் கேட்டு வருவோர் இக்காலத்திற் சிலர் உண்டு. அயற் பாடசாலையிலே படிக்கும் பிள்ளைகள் வீட்டுத் தோட்டப் போட்டிக்காகக் கேட்கிறார்கள். புதிதாக வீடு கட்டி, வாசலிலே பச்சைப் பசேலென்று ஒரு புற்றரை வேண்டுமென்று ஆசைப்படும் இளந் தம்பதிகளும் கேட்கிறார்கள். காலையும் மாலையும் வாளியும் கையுமாகத் திரிகின்ற இந்தக் கிழவனுக்கு ஏதோ வித்தை தெரியும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும். தெரியும் என்பது உண்மையே. ஆனால், அந்த வித்தையை நான் நல்ல வழியிற் கற்கவில்லை. ஒரு புற்றரையைச் சாகவிட்டும், ஒரு கிணற்றைக் கெடுத்துமே கற்றேன். அந்தக் கதையைச் சொல்லாமல் புத்திமதியை மாத்திரம் சொல்வது நேர்மையாகாது.

நான் தபாற் கந்தோர் உத்தியோகத்தன். என் சேவையின் கடைசிப் பதினான்கு வருடங்கள் நுவரெலியாவிலே கழிந்தன. கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்திலுள்ள பட்டினம் அது. தை, மாசி மாதங்களிலே சில காலை வேளைகளில் புல்லின் நுனியிலே பனி உறைந்து வெண்மையாகக் கிடக்கும். விக்டோரியாப் பூங்காவின் புற்றரையைப் பார்த்துக்கொண்டே கந்தோருக்குப் போவேன். விடுமுறை நாட்களிலே ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குச் செல்வேன். 1861ஆம் ஆண்டிலே சிங்கோனா மரங்களை வளர்த்துப் பார்ப்பதற்கென ஆரம்பிக்கப்பட்ட தோட்டம் அது. அங்குள்ள றோசாக்களையும், கம்பளம் விரித்தாற்போன்ற புல்லையும் கண்டு கண்டு என் மனத்திலே ஓர் ஆசை வேரூன்றிவிட்டது. இளைப்பாறி ஊருக்குப் போனால் நமது முற்றத்திலும் இப்படி ஒரு புற்றரை போட்டு, அதன் நடுவிலே சாய்மனைக் கதிரையிற் படுத்துப் பத்திரிகை வாசிக்கவேண்டும் என்பதே அந்த ஆசை.

2002ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 பாதை மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் நான் இளைப்பாறி, மனைவியோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர் வலிகாமத்திலே, கடலிலிருந்து ஒரு மைல் தூரத்திலே உள்ளது. வீட்டிலே 82 வயதான என் தாயார் தனியே இருந்தார். முற்றத்திலே வெண்மணல், அதனை நாள்தோறும் விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றினாற் கூட்டிக் கோலம்போல வரியிட்டு வைப்பது அவருடைய வழக்கம். அந்த மணலைத்தான் நான் முதலில் வெட்டி அள்ளுவித்தேன்.

"பொங்கலுக்கு எங்கை மோனை பானை வைக்கிறது?" என்று மாத்திரம் கேட்டார். கோடிப்புறத்தில் வைக்கலாம் என்றேன். அதன் பின்னர் அவர் ஒன்றும் பேசவில்லை.

தை மாதத்திலே, மலைநாட்டிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறியொன்றில் வேரோடு கூடிய புல்லைச் சாக்குகளிற் கட்டி வருவித்தேன். பன்னிரண்டு றோசாக் கன்றுகளும் வந்தன. 40 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட முற்றத்திலே செம்மண் பரப்பிப் புல்லைப் பதித்தேன். நான் செய்த முதற் பிழை இங்கேயே தொடங்கிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வருடத்திலே ஏறக்குறைய 50 அங்குல மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் அடங்கிவிடும். கன்று நடுகிறவன் மழை தொடங்கும்போது நடவேண்டும். மழை விடைபெறும்போது நட்டால், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்வதற்கு முன்னரே வெயில் வந்துவிடும். இது ஊரிற் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பதினான்கு வருடம் குளிரிலே வாழ்ந்த எனக்கு அது மறந்துபோயிற்று.

மாசி வரை புல் அழகாகவே இருந்தது. வழியிற் போவோர் படலையடியில் நின்று பார்த்தார்கள். எனக்கு உண்டான பெருமையைச் சொல்லவா வேண்டும்? பங்குனியிலே புல்லின் நிறம் மாறத் தொடங்கிற்று. உடனே பட்டினத்துக்குப் போய் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றையும், நீண்ட றப்பர்க் குழாயையும், சுழன்று சுழன்று நீர் தூவும் கருவி ஒன்றையும் வாங்கி வந்தேன். இயந்திரத்தைக் கிணற்றடியிற் பூட்டினேன்.

அந்தக் கிணற்றைப்பற்றி இங்கே சொல்லவேண்டும். அது பங்குக் கிணறு. மூன்று வளவுக்கும் அது ஒன்றே. என் பாட்டனார் காலத்திலே அதிலே துலா இருந்தது; ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்கால் பார்த்துப் பாத்திக்கு நீர் கட்டுவார். மூவர் வியர்வை சிந்தினால்தான் நீர் வரும் என்பதனால், எவரும் தேவைக்கு மேல் இறைத்ததில்லை. நான் வந்த காலத்திலே துலா இல்லை. கப்பியும் கயிறும் வாளியும் இருந்தன. கிழக்கு வளவுக்காரர் வெளிநாட்டிலே இருந்தனர். மேற்கு வளவிலே, கணவனை இழந்த ஓர் அக்கா இருந்தார். இரண்டு பரப்பு நிலத்திலே கீரையும் கத்தரியும் மிளகாயும் செய்து, காலையிற் பிடிபிடியாகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். கோடையிலே அதில் ஒரு மூலையை மாத்திரம் செய்வார். கையால் இறைத்து அவ்வளவுதான் முடியும். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும் அந்தக் கீரையிலேதான் நடந்தன.

நான் இயந்திரத்தைக் காலை பத்து மணிக்கு முடுக்குவேன். மதியம் வரை நீர் தூவும். வெயில் கடுமையாக இருக்கும்போது செடி தாகத்தால் வாடும். ஆகையால் அப்பொழுதே ஊற்றவேண்டும் என்பது என் எண்ணம். காற்றிலே புகைபோல எழும் நீர்த்துளிகளில் வெயில் பட்டு வானவில் தோன்றும். கதிரையிலிருந்து அதனைப் பார்த்து மகிழ்வேன்.

ஒருநாள் தாயார் திண்ணையிலிருந்தபடி கேட்டார்: "உந்தப் புல்லு மாடு தின்னவோ, மனிசர் பார்க்கவோ, மோனை?"

"பார்க்கத்தான், அம்மா."

"பார்க்கிறதுக்கு இவ்வளவு தண்ணி குடிக்குமோ?"

நான் சிரித்தேன். இன்று அந்தக் கணக்கை மாணவர்களுக்கு நானே போட்டுக் காட்டுகிறேன். 40 அடிக்கு 30 அடி என்றால் 1,200 சதுர அடி. அதன்மீது ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்கவேண்டுமென்றால் 100 கன அடி நீர் வேண்டும். அது ஏறக்குறைய 2,800 லீற்றர். 20 லீற்றர் கொள்ளும் வாளியினால் 140 வாளி. மென்மையான புல்லுக்கு வெப்ப காலத்தில் வாரத்துக்கு ஓர் அங்குலம் என்பது குறைந்த கணக்கு. நானோ நாள்தோறும் இரண்டு மணி நேரம் இறைத்தேன். அதிலே வெயிலும் காற்றும் குடித்தது எவ்வளவு, மண்ணுக்குள் இறங்கியது எவ்வளவு என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வைகாசியிலே சோழகக் காற்று வீசத் தொடங்கிற்று. அனலை வாரி இறைப்பது போல அது புழுதியோடு வரும். புல்லின் நுனிகள் கருகின. றோசா இலைகளின் ஓரங்கள் நெருப்பிலே வாட்டியதுபோலப் பழுப்பாயின. போதிய நீர் கிடைக்கவில்லை என்று எண்ணி, மாலையிலும் இரண்டு மணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டேன். கருகல் குறையவில்லை, மேலும் அதிகரித்தது. பூச்சாடிகளின் விளிம்பிலே வெண்மையாகச் சுண்ணாம்பு போல ஏதோ படிந்தது. அதனையும் நான் பொருட்படுத்தவில்லை.

"இஞ்சாருங்கோ, பருப்பு அவியுதில்லை" என்றாள் மனைவி ஒருநாள். பருப்புக் கூடாது என்று கடைக்காரனைக் குறை கூறினேன். தேநீரும் ஒரு மாதிரி இருந்தது; தேயிலையைக் குறை கூறினேன். சவர்க்காரம் நுரைக்கவில்லை, அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். தாயார் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்துவிட்டார். அவர் எதையும் குறை கூறவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை. இருள் பிரியவில்லை. படலையைத் திறந்து வெளியே வந்தபோது, மேற்கு வளவு அக்கா இடுப்பிலே குடமும் கையிலே வாளியுமாக ஒழுங்கையால் நடந்து வருவதைக் கண்டேன். கோயிற் கிணறு அரை மைலுக்கு அப்பால், ஊரின் உட்புறத்தே இருக்கிறது.

"என்னக்கா, இவ்வளவு தூரம்?" என்றேன்.

"காலமை நடந்தால் உடம்புக்கு நல்லது, தம்பி" என்றார். நிற்காமற் போனார்.

உள்ளே வந்து தாயாரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கிணறு உவர் தட்டி ஒரு மாசமாகுது, மோனை. அந்தப் பிள்ளையின்ரை கீரை முழுக்க எரிஞ்சு போச்சு. நாற்று நட்டு நட்டுப் பார்த்துது, ஒண்டும் நிக்கேல்லை. சந்தைக்குப் போய் மூண்டு கிழமை."

நான் வேலியடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பாத்திகள் வெறுமையாகக் கிடந்தன. மிளகாய்ச் செடிகளின் நுனிகள் என் றோசாவின் நுனிகளைப் போலவே கருகியிருந்தன.

நீர்ப்பாசனத் திணைக்களத்திலே வேலை பார்த்து இளைப்பாறிய நண்பர் ஒருவரிடம் அன்றே சென்றேன். அவர் ஒரு கடதாசியிலே படம் வரைந்து விளக்கினார். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மீது அமைந்தது. பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள கடல் நீரின்மீது மிதக்கிறது. நடுவிலே தடித்தும் கரையோரத்திலே மெலிந்தும், ஒரு வில்லையைப் போல அந்த நன்னீர் கிடக்கிறது. கடல் நீர் நன்னீரிலும் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதனால், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் தங்கும். மேலேயுள்ள அந்த ஓர் அடியை இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி மேலே ஏறுவதற்கு வழி பிறக்கிறது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உப்பு நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி. எங்கள் ஊர் கடலோரத்து ஊர். நன்னீர் மெலிந்து கிடக்கும் இடம். துலாவினால் மெல்ல மெல்ல இறைத்தபோது ஊறி நிரம்ப நேரம் இருந்தது. இயந்திரம் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

"அயலிலே எல்லாரும்தான் இயந்திரம் பூட்டியிருக்கிறார்கள்" என்று நான் என் பக்கத்து நியாயத்தைச் சொன்னேன்.

"உண்மைதான். அவர்கள் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறார்கள். நீ எதற்கு இறைக்கிறாய்?" என்றார் நண்பர்.

வீட்டுக்கு வந்து இயந்திரத்தைக் கழற்றினேன். மேற்கு வளவுக்குப் போய், என்னாலேதான் இவ்வாறு ஆயிற்று என்று சொன்னேன். சொல்வதற்கு நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. அக்கா சற்று நேரம் பேசாமல் நின்றார். "கிணறு பொதுத்தானே, தம்பி. மாரி வந்தால் தேறும்" என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாரி வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதமும் நான் சைக்கிளிலே இரண்டு கலன்களைக் கட்டி, கோயிற் கிணற்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நீர் சுமந்தேன். 61 வயதிலே, சோழகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தவனுக்கு ஒரு வாளி நீரின் விலை தெரியாமற் போகுமா? குடிக்கவும் சமைக்கவும் போக, செடிகளுக்கென்று மிஞ்சியது நாளுக்கு இரண்டு வாளி.

"எல்லாத்தையும் காப்பாற்ற ஏலாது, மோனை. எதை விடுறதெண்டு முதல் யோசி. பிறகு தண்ணியைத் தொடு" என்றார் தாயார். அவரிடம் நான் கற்ற முதற் பாடம் இதுவே. முந்திய வருடம் நட்ட மாங்கன்றும் தேசிக் கன்றும் முதல். அவற்றின் வேர் இன்னும் ஆழத்துக்குப் போகவில்லை. அடுத்தது, போனால் மீண்டும் வாங்க முடியாத பழைய செடிகள். அதன் பின்னர் கறிக்கு உதவும் செடிகள். விதை போட்டால் மீண்டும் வரும் பூச்செடிகள் அதற்கும் பின்னர். புல் எல்லாவற்றுக்கும் கடைசி. புற்றரையின்மீது நான் ஒரு துளி நீரும் விடவில்லை. பத்து நாட்களில் அது வைக்கோலாயிற்று.

இரண்டாவது பாடம் வேளை. விடியற்காலையில், வெயில் ஏறுமுன் ஊற்றவேண்டும். மண் குளிர்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும், ஊற்றிய நீர் ஆவியாகாமல் வேருக்குப் போய்ச் சேரும். மாலையில் ஊற்றுவதாயின் இலையை நனையாது அடியில் மாத்திரம் ஊற்றவேண்டும். இரவு முழுவதும் நனைந்திருக்கும் இலையைப் பூஞ்சணம் பிடிக்கும். நண்பகலிற் செடி தலை சாய்ந்தாற் பதறவேண்டியதில்லை. இலைவாய்களினூடே வெளியேறும் ஆவிக்கு ஈடாக வேரினால் அந்நேரம் நீர் கொடுக்க முடியாதபோது செடி அவ்வாறு சாயும். மாலையில் தானே நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் நிமிராமல் நிற்கும் செடிக்கே உண்மையான தாகம். ஐயமிருந்தால் விரலை மண்ணிலே இரண்டு அங்குலம் இறக்கிப் பார்க்கவேண்டும். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு நீர் வேண்டாம்.

மூன்றாவது பாடம் அளவு. நாளுக்கு ஒரு செம்பு ஊற்றுவதிலும், நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு வாளி ஊற்றுவது நல்லது. மேலே மாத்திரம் நனைந்தால், வேரும் மேலேயே நின்றுவிடும். வெயிலில் முதலிற் காய்வது அந்த மேல் மண்ணே. ஆழமாக நனைந்தால் வேர் நீரைத் தேடி ஆழத்துக்குப் போகும். தண்டின் அடியிலே ஊற்றாமல், கொப்புகளின் நிழல் விழும் வட்டத்திலே சிறு பாத்தி கட்டி ஊற்றவேண்டும்; நீர் குடிக்கும் இளவேர்கள் அங்கேதான் அதிகம்.

நான்காவது பாடமே எல்லாவற்றிலும் பெரியது. நீர் ஊற்றுவது பாதி வேலை. ஊற்றிய நீரைப் போகவிடாமற் காப்பது மற்றப் பாதி. தாயார் பூவரசஞ் சருகையும் வேப்பஞ் சருகையும் கூட்டி எரிப்பதில்லை. செடிகளின் அடியிலே மூன்று அங்குலத் தடிப்பிற் பரப்புவார். விவசாயப் புத்தகங்களிலே பத்திரக்கலவை என்று சொல்வது இதனைத்தான். தண்டோடு சேரவிடாமல் நான்கு விரல் இடைவெளி விடவேண்டும். சேர்ந்தால் தண்டு அழுகும். தேங்காய்ப் பொச்சு மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே தெரியும்படி மண்ணுக்குள் அடுக்கிப் புதைப்பார். அவை நீரை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடும். மாங்கன்றின் அருகிலே ஒரு மண் முட்டியைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, சிரட்டையால் மூடினார். முட்டியின் உடலினூடே கசியும் ஈரத்தை வேர் தேடி வந்து பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முன்னர் சீன தேசத்திலே எழுதப்பட்ட வேளாண்மை நூலொன்றிலும் இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது என்று பின்னர் படித்தேன். தாயார் எந்த நூலையும் பார்த்துச் செய்யவில்லை.

இன்னும் பல சிறு காரியங்கள் உண்டு. பூச்சாடிகளைத் தனித்தனியே வெயிலில் வைக்காமல், மர நிழலிலே நெருக்கமாகக் கூட்டி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றதற்கு உதவும். சோழகம் வரும் தென்மேற்குப் பக்கத்திலே கிடுகு கட்டி மறைக்கவேண்டும். களையைப் பிடுங்கிவிடவேண்டும், அதுவும் நீர் குடிக்கிற வாய்தான். வறட்சிக் காலத்தில் உரமிட்டுத் துளிர்க்கச் செய்வதும், கொப்புகளைக் கடுமையாக வெட்டுவதும் கூடாது. புல் வளர்ப்போர் கோடையிலே அதனை ஒட்ட வெட்டாமல் மூன்று அங்குலம் உயரவிட்டு வெட்டினால், அதன் நிழலே அதன் வேருக்குக் குடையாகும். வெட்டிய புல்லை அள்ளாமல் அங்கேயே விடலாம். அரிசி கழுவிய நீர் கறிவேப்பிலைக்குப் போகும். குளித்த நீர் கிணற்றடி வாழைக்குப் போகும்.

இவ்வளவும் கற்ற பின்னரும் ஒரு செடி மாத்திரம் என்னைக் கலங்கச் செய்தது. அது யன்னலடியில் நின்ற மல்லிகை. 1951ஆம் ஆண்டு, என் தங்கை பிறந்தபோது தகப்பனார் நட்டது. நான் இறைத்த உவர் நீரினால் அதன் இலைகள் முழுவதும் உதிர்ந்து வெறுந் தடியாக நின்றது. செத்துப் போயிற்று என்று எண்ணி நான் வெட்டப் போனேன். தாயார் தடுத்தார். அப்பொழுதுதான், அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி முடிவடையுமுன், வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவிலே இடம்பெயர்ந்தபோது தாயாரும் தென்மராட்சிக்குப் போயிருந்தார். நான் அப்பொழுது மலைநாட்டிலே, கடிதமும் வராமல் தவித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சித்திரையிலே அவர் திரும்பி வந்தபோது வீட்டிலே கதவுகள் இல்லை, பெட்டகம் இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. மல்லிகை காய்ந்த தடியாக நின்றது. அவர் அதன் அடித்தண்டை நகத்தாற் கீறிப் பார்த்தாராம். தோலின் கீழே மெல்லிய பச்சை தெரிந்ததாம். "அதைக் கண்ட பிறகுதான் வீட்டுக்குள்ளை போனனான்" என்றார்.

இப்பொழுதும் அவர் குனிந்து, நடுங்கும் விரலினாலே தண்டைக் கீறினார். மேலே பழுப்பு. சற்றுக் கீழே கீறினார், அங்கும் பழுப்பு. மண்ணோடு சேரும் இடத்திலே கீறினார். பச்சை தெரிந்தது.

அந்தக் கோடை முழுவதும் கோயிற் கிணற்று நீரிலே மூன்று நாளைக்கு ஒரு வாளி அதற்குப் போயிற்று. உப்புப் படிந்த மேல் மண்ணை வழித்தெடுத்துவிட்டுப் பழைய மாட்டெருவும் சருகும் இட்டோம். ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை முடிவதற்குள் கிணறு நிரம்பி, வாயில் வைத்தாற் பழைய சுவை தெரிந்தது. மேற்கு வளவு அக்கா பாத்தி கொத்தினார். மார்கழியிலே ஒருநாள் காலை, எங்கள் திண்ணையிலே இரண்டு பிடி கீரை இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு வைத்த கீரைக் கறியிலே என் மனைவி உப்புப் போட மறந்துவிட்டாள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

தாயார் அடுத்த வருடம் பங்குனியிலே காலமானார். மல்லிகை அந்தக் கிழமைதான் முதற் பூ பூத்தது. அவருக்கு வைத்தோம்.

மலைநாட்டுப் புல் மழைக்கும் எழும்பவில்லை, அடியோடு செத்துவிட்டது. அதன் இடத்திலே, ஒருவரும் நடாமல் அறுகு வந்தது. கோடையில் அறுகும் பழுப்பாகும். ஆனால் அது சாவதில்லை. மண்ணுக்குள்ளே வேரை வைத்துக்கொண்டு காத்திருக்கும். மழை வந்தாற் பச்சையாகும். ஒரு மூலையிலே பேரப் பிள்ளைகள் விளையாடச் சிறிது அறுகை விட்டு, மற்ற முற்றத்திலே மீண்டும் வெண்மணல் பரப்பினேன். தைப் பொங்கலுக்கு அங்கேதான் பானை வைக்கிறோம்.

இப்பொழுது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அக்காவின் பிள்ளைகள் இருவரும் உத்தியோகம் பார்க்கிறார்கள். வேண்டாமென்று அவர்கள் சொன்னாலும், அவர் ஒரு பாத்தி கீரை செய்வதை விடவில்லை. வைகாசி பிறந்ததும் நான் நாள்தோறும் ஒரு காரியம் செய்வேன். விடியற்காலையிலே கிணற்றில் ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு குடித்துப் பார்ப்பேன். நாவிலே உவர்ப்புச் சற்றுத் தட்டினாலும் அன்றைக்குப் பூமரங்களுக்குப் பாதிதான். தட்டாவிட்டால் மல்லிகைக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டு, வேலியடியிற் போய் நிற்பேன்.

"இண்டைக்கு எப்படித் தம்பி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"நல்ல தண்ணிதான், அக்கா. நீங்கள் இறைக்கலாம்" என்பேன்.